பெருநாள் விடுமுறையில் வீட்டில் என்ன படம் பார்ப்பது?

சென்ற நோன்புப் பெருநாளன்று அஸருக்குப் பிறகு நம் வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தார்கள். பிரியாணி உண்ட களைப்பு. யாரோ டிவியைப் போட்டார்கள். ஏதோ ஒரு சண்டைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் பேச்சில் இருந்தோம், பிள்ளைகள் திரையில் இருந்தார்கள். தாடியும் தொப்பியுமாக ஒருவன் தொழுது முடித்து எழுந்து போய்த் துப்பாக்கியை எடுத்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் நம் தம்பி மகன் மெதுவாக வந்து நம் மடியில் உட்கார்ந்தான். “பெரியத்தா, அவரு தொழுதுட்டுத்தானே போனாரு? அப்புறம் எதுக்கு எல்லாரையும் சுடுறாரு?” என்று கேட்டான்.

காலையில்தான் ஈத்காவில் குத்பா ஓதிவிட்டு வந்திருந்தோம். ஆயிரம் பேர் முன்னால் பேசிய வாய்க்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. சேனலை மாற்றச் சொன்னோம். மாற்றிய சேனலில் குடிகாரர்களின் காமெடி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சினிமா பார்ப்பதே கூடாது என்று கருதும் உலமாக்கள் இருக்கிறார்கள். இசை, அந்நியப் பெண்களைப் பார்ப்பது, நேர விரயம் என அவர்கள் காட்டும் காரணங்கள் எதுவும் இலேசானவை அல்ல. அந்தப் பேணுதலோடு வாழும் குடும்பங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அவர்களை மாற்றுவது நம் நோக்கமும் இல்லை. ஆனால் நம் மஹல்லாவில் எத்தனை வீட்டில் திரையே இல்லை என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிச்சமாகும். படம் ஓடும் வீடுகளில் யார், எப்போது, எதை ஓடவிடுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

மங்கலத்தின் வாழ்க்கை நம் வாசகர்களில் பலருக்குத் தெரியும். ஒரு பக்கம் விசைத்தறி, மறுபக்கம் பனியன் கம்பெனி. ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட். காலையில் போகும் அத்தாவும் அம்மாவும் இரவு எட்டரை மணிக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அதுவரை நன்னியோடும் செல்போனோடும் இருக்கிறார்கள். நன்னிக்குச் சீக்கிரம் கண் அயர்ந்துவிடுகிறது, செல்போனுக்கு அயர்வதில்லை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாளில் குடும்பம் சேர்ந்து உட்காரும் இரண்டு மணி நேரத்தை எந்தப் படம் எடுத்துக்கொள்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

சேர்ந்து பார்ப்பது பற்றி ஒரு ஹதீஸ் உண்டு. ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டிகளோடு வீர விளையாட்டு நடத்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்க, நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அவர்களை மறைத்தபடி நின்றார்கள். அன்னையவர்களே போதும் என்று திருப்தியடையும் வரை நின்றார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. இதை வைத்து இன்றைய சினிமாவுக்கு அனுமதிச் சீட்டு எழுதிவிட முடியாது. அது உடற்பயிற்சியும் போர்ப் பயிற்சியுமான விளையாட்டு, இது நடிப்பு. எனினும் அந்தக் காட்சியில் நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பெருநாளில் கண்ணுக்கும் மனதுக்கும் ஒரு மகிழ்ச்சி தேவை என்பதை நபியவர்கள் மறுக்கவில்லை. “நீ போய்ப் பார்” என்று அனுப்பிவிடாமல் கூடவே நின்றார்கள். நாமோ பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகிறோம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? கம்பெனியில் செக்கிங் பார்க்காத பீஸ் பேக்கிங்குக்குப் போகாது. ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று விரித்துப் பார்த்த பிறகுதான் மடிப்பார்கள். வெளிநாட்டில் முகம் தெரியாத ஒருவன் போடப்போகும் பனியனுக்கு இவ்வளவு கவனம். நம் பிள்ளை பார்க்கப்போகும் படத்துக்குப் பத்து நிமிடமாவது கவனம் தரலாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் பார்க்க வேண்டியது சான்றிதழ். யு என்றால் எல்லோரும் பார்க்கலாம், ஏ என்றால் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் என்பது பழைய செய்தி. நடுவில் இருந்த யுஏ 2024இல் வந்த புதிய சான்றிதழ் விதிகளின்படி மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. எண்ணில் உள்ள வயதுக்குக் கீழான பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடுதான் பார்க்க வேண்டும் என்பது இதன் பொருள். யுஏ என்றாலே குடும்பப் படம் என்று நினைத்து எட்டு வயதுப் பிள்ளையை 16+ படத்துக்கு முன்னால் உட்கார வைப்பவர்கள் நம்மில் நிறைய. ஓடிடியில் வரும் தொடர்களுக்கும் அங்கேயே நேரடியாக வெளியாகும் படங்களுக்கும் தணிக்கை வாரியச் சான்று கட்டாயமில்லை. 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளமே வயது வகையைக் குறிப்பிட வேண்டும். வன்முறை, கெட்ட வார்த்தை, போதை, அச்சமூட்டும் காட்சி போன்றவை இருந்தால் அதையும் தொடக்கத்தில் காட்ட வேண்டும். 13+க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பெற்றோர் பூட்டுப் போடும் வசதி தர வேண்டும். அந்த வசதி உங்கள் டிவியிலும் போனிலும் இருக்கிறது. நான்கு இலக்க எண் ஒன்று போட்டால் போதும். பிள்ளை பிறந்த ஆண்டை அந்த எண்ணாக வைக்காதீர்கள், முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்பார்கள்.

2025 ஆகஸ்டில் ரஜினிகாந்தின் ‘கூலி’ ஏ சான்றிதழோடு வந்தது. குடும்பத்தோடு பார்க்க நினைத்த ரசிகர்களுக்குப் பெரிய ஏமாற்றம். 18 வயதுக்குக் கீழானவர்களைத் தியேட்டருக்குள் விட முடியாதே. சில வாரங்களில் படம் ஓடிடிக்கு வந்தது. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் செய்த வேலையை வீட்டு வாசலில் யார் செய்தார்கள்? சட்டம் தியேட்டர் வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், அவரவர் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழிதான் வாசல் காக்க வேண்டும்.

சான்றிதழ் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. யு பெற்ற படத்திலும் பெண்ணைக் கேலி செய்தே ஓட்டும் காமெடி இருக்கும். ஐஎம்டிபி தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பெற்றோர் வழிகாட்டி என்று ஒரு பகுதி உண்டு. ஆபாசம், ரத்தம், கெட்ட பேச்சு, மது, பயமுறுத்தல் என்று பிரித்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தவர்களே எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும். கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

இனி பருவத்துக்கு வருவோம். ரமளானில் படம் வேண்டாம். இதில் நாம் சுற்றி வளைத்துப் பேசப்போவதில்லை. தராவீஹுக்கும் ஸஹருக்கும் நடுவில் ஓடிடியில் தொடர் பார்த்துவிட்டு ஃபஜ்ரில் உறங்கி விழும் இளைஞர்களை ஆண்டுதோறும் ஸஃப்பில் பார்க்கிறோம். பதினொரு மாதம் இருக்கிறது, அந்தப் படம் எங்கும் போய்விடாது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனிகள் நாள் கணக்கில் மூடுகின்றன. வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட, திருப்பூரே அமைதியாகும். அந்த விடுமுறை நமக்கும் விடுமுறைதான். டிவியில் புதுப்படங்கள் வரிசையாக வரும். அவர்கள் கொண்டாட்டத்துக்காகத் தயாரித்து வைத்த விருந்தில் நம் பிள்ளைகள் தட்டோடு போய் உட்காருகிறார்கள். சேனல்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளாமல், எதைப் பார்ப்பது என்று முந்திய நாளே வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கோடை விடுமுறைக்கு முதலில் ஈரானியப் படங்களைச் சொல்வோம். நாம் மதரஸாவில் ஓதி முடித்த பிறகு கலைப் பட்டம் படித்தபோதுதான் இவை அறிமுகமாயின. முதல் முறை பார்த்தபோது, சினிமா என்றால் இப்படியும் இருக்குமா என்று திகைத்துப்போனோம். மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ 1997இல் வந்தது. தங்கையின் செருப்பைத் தொலைத்துவிடும் சிறுவன், அத்தாவின் ஏழ்மை தெரிந்து அவரிடம் சொல்லாமல், தன் ஒரே ஜோடி ஷூவைத் தங்கையோடு பகிர்ந்து போட்டுக்கொள்கிறான். அவள் காலைப் பள்ளி, அவன் மதியப் பள்ளி. தெருமுனையில் ஷூ கைமாறும். ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடி ஷூ என்று அறிந்து மூன்றாவதாக வர ஓடுகிறான். முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டோம். ஆபாசம் இல்லை, அடிதடி இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இதைத் தழுவித் தமிழில் சாமி இயக்கிய ‘அக்கா குருவி’ 2022இல் வெளியானது. அசலையே பாருங்கள் என்பது நம் கருத்து. வீட்டில் வேகமாக வாசிக்கக்கூடிய ஒருவர் சப்டைட்டிலைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வரலாம். நம் வீட்டில் அது நம் மூத்த மகளின் வேலை. சில இடங்களில் அவள் சொந்தமாக வசனம் சேர்ப்பதும் உண்டு.

அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்’ 1987இல் வந்தது. கதை இன்னும் சின்னது. நண்பனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நண்பன் பள்ளியிலிருந்து நீக்கப்படுவான் என்று பயந்து, பக்கத்துக் கிராமத்தில் வீடு வீடாகத் தேடி அலைகிறான். வேகமான படங்களுக்குப் பழகிய பிள்ளைகள் முதல் இருபது நிமிடம் நெளிவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே வேண்டும் என்றால் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ இருக்கிறது. 2015இல் திரைக்கு வந்த, தேசிய விருது பெற்ற படம். இரண்டு குடிசைப் பிள்ளைகளும் ஒரு பீட்சாவும்தான் கதை. அதில் சேரிப் பேச்சு உண்டு. அதற்காக அந்தப் படத்தைத் தள்ளிவிட வேண்டாம் என்றே சொல்வோம்.

இவ்வாண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் கோடை விடுமுறையை ஒட்டியே வருகிறது. அந்த நாட்களுக்கென்றே ஒரு மலையாளப் படம் உண்டு: சலீம் அஹமது இயக்கி 2011இல் வெளியான ‘ஆதாமின்டெ மகன் அபு’. அத்தர் விற்கும் முதியவர் அபுவும் அவர் மனைவியும் ஹஜ்ஜுக்காகப் பல காலம் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார்கள். பணம் குறைகிறது. வீட்டுப் பலாமரத்தை விற்கிறார். வெட்டிப் பார்த்தால் மரத்தின் உள்ளே பொத்தல். பேசிய பணத்தைத் தர மரக்கடைக்காரர் தயார், இவர் வாங்க மறுக்கிறார். தகுதியில்லாத பொருளுக்கு வாங்கிய காசில் ஹஜ் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. ஹலாலான சம்பாத்தியம் பற்றி நாம் மிம்பரில் நின்று பேசிய எத்தனையோ ஜும்ஆக்கள் சாதிக்காததை அந்த ஒரு காட்சி சாதிக்கிறது என்று சொன்னால் சக ஹஜ்ரத்மார்கள் கோபிக்கக் கூடாது. அபுவாக நடித்த சலீம் குமாருக்கு அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ‘ஆடுகளம்’ படத்துக்காகத் தனுஷும் அவரும் பகிர்ந்துகொண்ட விருது அது.

திருப்பூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு மலையாளப் படம் சக்கரியா இயக்கி 2018இல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’. மலப்புறத்தில் கால்பந்து ஆட வந்த நைஜீரிய இளைஞன் காயப்பட்டுப் படுத்துவிட, ஒரு முஸ்லிம் வீட்டின் இரண்டு வயதான பெண்கள் மொழி தெரியாமலே அவனைக் கவனித்துக்கொள்கிறார்கள். காதர்பேட்டைக்குப் போனால் பனியன் வாங்க வரும் நைஜீரியர்களை நாம் தினமும் பார்க்கலாம். அவர்களை நம் பிள்ளைகள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறோமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் லைன் வீட்டில் குடியிருப்பவர்களை? படம் முடிந்ததும் அதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கெட்ட வார்த்தைகள் சில உண்டு, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும்.

ஆகஸ்ட் 15க்கு, கல்லூரி வயதில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, எம்.எஸ். சத்யுவின் ‘கரம் ஹவா’. பிரிவினைக்குப் பிறகும் பாகிஸ்தான் போக மறுக்கும் ஆக்ராவின் செருப்பு உற்பத்தியாளர் ஸலீம் மிர்ஸாவின் கதை. உறவினர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். இவரும் போய்விடுவார் என்று கடன் தர மறுக்கிறார்கள். பால்ராஜ் சாஹ்னி நடித்தது. 1974இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. மகளின் தற்கொலை காட்டப்படுவதால் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். சொந்தத் தொழில் நடத்தும் குடும்பங்களுக்கு இந்தப் படம் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும்.

வரலாற்றுப் படங்களில் எல்லோரும் நம்மிடம் கேட்பது முஸ்தஃபா அக்காதின் ‘தி மெஸேஜ்’ பற்றித்தான். 1976இல் வந்த இப்படத்தில் நபி (ஸல்) அவர்களின் உருவமும் குரலும் இடம்பெறவில்லை. ஆங்கிலத்திலும் அரபியிலும் வெவ்வேறு நடிகர்களை வைத்து இரண்டு முறை எடுக்கப்பட்டது. ஆனால் ஹம்ஸா (ரலி), பிலால் (ரலி) போன்ற ஸஹாபாக்களை நடிகர்கள் நடித்துக் காட்டுகிறார்கள். இதை ஏற்காத உலமாக்களே அதிகம். பிலால் (ரலி) என்றதும் ஒரு நடிகரின் முகம் நினைவில் வந்து நிற்கும் என்ற கவலை நியாயமானது. மஜீத் மஜீதி 2015இல் எடுத்த நபியவர்கள் பற்றிய படத்துக்கு எதிர்ப்பு இன்னும் கடுமையாக இருந்தது. அதற்கு இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மானையும் சேர்த்து மும்பை ரஸா அகாடமி ஃபத்வா வாங்கி வெளியிட்டது. இந்த இரண்டையும் வீட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பதே நம் ஆலோசனை. வரலாற்றுப் படம்தான் வேண்டும் என்றால் அதே அக்காத் 1981இல் தந்த ‘லயன் ஆஃப் த டெசர்ட்’ இருக்கிறது. இத்தாலியின் ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்ற லிபியாவின் உமர் முக்தார் பற்றியது. அவர் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் ஆசிரியர் என்பதை மகன்களுக்குச் சொல்லிவிட்டுப் போடுங்கள். போர்க் காட்சிகள் உண்டு, நீளமும் அதிகம். ஞாயிறு லுஹருக்குப் பிறகு தொடங்கினால்தான் அஸருக்குள் முடியும். இரவில் தொடங்கும் படம் ஃபஜ்ரை விழுங்கிவிடுகிறது என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பேய்ப் படங்கள் பற்றிப் பெண்கள் பயானில் ஒரு சகோதரி கேட்டார், “ஹஜ்ரத், காமெடிப் பேய்தானுங்களே, பார்த்தா என்னங்க?” சிரிக்க வைக்கும் பேய் இரவில் பயமுறுத்தாது என்று பெரியவர்கள் நினைக்கிறோம். ஏழு வயதுப் பிள்ளை தனியாகக் குளியலறைக்குப் போக மறுக்கும்போதுதான் தெரிகிறது. அதோடு, இறந்தவரின் ஆவி பழி வாங்கத் திரும்பி வரும் என்பது நம் அகீதாவில் இல்லாத கதை. ஜின் என்பது வேறு. பேயோட்டுவதற்கென்றே இந்தப் படங்களில் ஒரு பாய் வந்துவிடுவார், கையில் மயிலிறகும் சாம்பிராணியுமாக. இஸ்லாம் என்றால் இதுதான் என்று அண்டை வீட்டார் நினைப்பதும் இப்படித்தான்.

மீண்டும் தம்பி மகனின் கேள்விக்கு வருகிறோம். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ தமிழகத்தில் நிறுத்தப்பட்டதும், பேச்சுவார்த்தைக்குப் பின் சில காட்சிகளில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்டு பிப்ரவரி 7இல் வெளியானதும் நினைவிருக்கும். அதற்கு முந்திய தீபாவளிக்கு வந்த ‘துப்பாக்கி’க்கும் எதிர்ப்பு எழுந்தது. வீதியில் எதிர்ப்புத் தெரிவிப்பது ஒரு வழி, அது தேவைப்படும் நேரமும் உண்டு. ஆனால் படம் எப்படியும் வெளியாகி, எப்படியும் நம் வீட்டுத் திரைக்கு வந்து சேர்கிறது. அங்கே பதில் சொல்ல வேண்டியவர் அமைப்புத் தலைவர் அல்ல, மடியில் பிள்ளையை வைத்திருப்பவர்.

இரண்டு நாள் கழித்து அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினோம். “அது நடிப்பு. அந்தக் கதையை எழுதியவருக்கு நம்மைப் போல ஒரு வீட்டைத் தெரியாது. தொழுதவர் யாரும் அப்படிச் செய்ய மாட்டார் என்று பெரியத்தா சொல்லவில்லை. தவறு செய்பவர்கள் எல்லா மக்களிலும் உண்டு. அப்படி ஒருவர் செய்தால் அது மார்க்கம் அல்ல” என்றோம். கேட்டுக்கொண்டான். முழுதாக ஒப்புக்கொண்டானா என்று தெரியவில்லை. எங்கள் தலைமுறைக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் சிவாஜி கணேசன் ரஹீமாக நடித்ததை நம் அத்தா பெருமையோடு சொல்வார். இன்றைய பிள்ளைக்குத் திரையில் தன்னைப் போன்ற ஒருவரைக் காட்ட நாம் மலையாளத்துக்கும் ஈரானுக்கும் போக வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் சேர்த்து உட்கார வைத்து ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ போட்டோம். அதில் ஒரு காட்சி. அத்தா பள்ளிவாசலுக்கான சர்க்கரைக் கட்டிகளை வீட்டில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். எதிரே சர்க்கரை குவிந்து கிடக்கிறது. மகள் கொண்டுவந்த தேநீரில் சர்க்கரை இல்லை. இவ்வளவு இருக்கிறதே என்கிறாள் மகள். இது பள்ளிவாசலுடையது, நமக்கு அமானிதம் என்று விளக்கி, தம் வீட்டுச் சர்க்கரையைக் கொண்டுவரச் சொல்கிறார். படத்தை நிறுத்தி எதுவும் விளக்கவில்லை, அப்படியே ஓடவிட்டோம்.

மறுநாள் மக்ரிபுக்கு அவன் நம்மோடு பள்ளிக்கு வந்தான். ஒளூ செய்துவிட்டு வந்தவன் இமாம் அறையைப் பார்த்து நின்றான். மேசை ஓரத்தில் நம் செல்போன் சார்ஜில் கிடந்தது. வருடக்கணக்கில் அங்கேதான் போடுகிறோம்.

“பெரியத்தா, அந்தக் கரண்டு பள்ளிவாசலோடதா, உங்களோடதா?”

இகாமத் சொல்ல இரண்டு நிமிடம் இருந்தது. போய் ஒயரைக் கழற்றினோம். இந்த வாரம் முத்தவல்லியிடம் கேட்டுச் சொல்வதாக அவனிடம் சொல்லியிருக்கிறோம்.